திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில ஜூனியர் மெர்ச்சண்டைசர் இன்டர்வியூ: பத்து நாள்ல என்ன பழகோணும்?

சேவூர்க்காரி
வணக்கங்க. பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் முடிச்சிருக்கேன். திருப்பூர்ல ஒரு நிட்வேர் எக்ஸ்போர்ட் கம்பெனியில இருந்து ஜூனியர் மெர்ச்சண்டைசர் (பையரோட ஆர்டரை நூல்ல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் பாத்துக்கறவங்க) வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இன்னும் பத்து நாள் இருக்குது. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" மாதிரிக் கேள்விக்கு யூடியூப்ல வேணும்கிற அளவு கிடக்குது, அது வேண்டாமுங்க. துணி, கணக்கு, ஷிப்மென்ட் இதுல என்ன கேப்பாங்க, எந்த இடத்துல தப்புப் பண்ணுவோம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை
பத்து நாள் தாராளம் அம்மணி. ஆனா பத்துப் பாடம் படிக்காதீங்க. ஒரே ஒரு ரவுண்ட் நெக் டீ-ஷர்ட்டை எடுத்து, நூல் வாங்கறதுல இருந்து தூத்துக்குடியில கன்டெய்னர் ஏத்தற வரைக்கும் கணக்குப் போட்டுப் பழகுங்க. மேசை மேல ஒரு பீஸைப் போட்டு, டேப்பைக் கையில கொடுத்து, "இதுக்கு எத்தனை கிராம் துணி போகும்?"னு கேட்டாங்கன்னா அந்த ஒரு கேள்வியிலேயே பாதி இன்டர்வியூ முடிஞ்சுரும்.

முதல்ல அளவு. பீஸைச் சமமான மேசையில விரிச்சு, சுருக்கத்தைக் கையால நீவி விடுங்க, இழுக்கக் கூடாது. நிட் துணி இழுத்தா ரெண்டு சென்டிமீட்டர் சும்மாவே கூடிரும். பாடி லெங்த், கழுத்தும் தோளும் சேர்ற உச்சிப் புள்ளியில இருந்து கீழ் மடிப்பு வரைக்கும். செஸ்ட், அக்குள் தையலுக்கு 2.5 செ.மீ. கீழ, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம். ஸ்லீவ், தோள் தையல்ல இருந்து கை மடிப்பு வரைக்கும்.

பாடி 72, ஸ்லீவ் 22, கீழ் மடிப்பு 2.5, கை மடிப்பு 2.5, தையலுக்கு 1. மொத்தம் 100 செ.மீ. செஸ்ட் 53, ரெண்டு பக்கத் தையலுக்கு 2, ஆக 55. முன்னும் பின்னும் சேர்த்து 100 × 55 × 2 = 11,000 சதுர செ.மீ. துணி 160 ஜிஎஸ்எம்னா (ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம்ங்கறதுதான் ஜிஎஸ்எம்), 11,000 × 160 ÷ 10,000 = 176 கிராம். வேஸ்ட்டுக்கு 10% சேர்த்தா 193.6, அதாவது 194 கிராம். கழுத்து ரிப் (கழுத்துல வெச்சுத் தைக்கிற இழுவைத் துணி) தனி.

இதைப் பேப்பர்ல எழுதாம வாயில சொல்ற அளவுக்கு வரோணும். செஸ்ட் 55, 60. ஜிஎஸ்எம் 140, 160, 180 இப்படி மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க.

கட்டிங்டேபிள்
நொய்யல்கரை சொன்ன 10% எதுக்குன்னு கேட்டா முழிக்கக் கூடாது, அதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அந்த ஃபார்முலா துணியைச் செவ்வகமா நினைச்சுப் போடறது. கழுத்து வெட்டு, அக்குள் வளைவுல போற வேஸ்ட் அந்தச் செவ்வகத்துக்குள்ளேயே அடங்கிருது. மேல சேர்க்கிற 10%, லே (வெட்டறதுக்கு அடுக்கா விரிக்கிற துணி) விரிக்கும்போது ரெண்டு முனையிலயும் போற துண்டு, ரோல் கடைசி, துணி டேமேஜ், கட்டிங்ல மாத்தற பீஸ் இதுக்கெல்லாம்.

இன்னொண்ணு. டியூபுலர் துணியா (குழாய் மாதிரி வர்றது), ஓபன் விட்த்தா (அதை வெட்டி விரிச்சது)ன்னு கேட்டுட்டுத்தான் கணக்கை ஆரம்பிக்கோணும். ஓபன் விட்த்துல மார்க்கர் (எந்தப் பாகத்தைத் துணியில எங்க வெட்டறதுங்கற வரைபடம்) போட்டுப் பாத்தாத்தான் உண்மையான எடை தெரியும். இந்த ஃபார்முலா விலை சொல்றதுக்கு மட்டும். நூல் புக் பண்றதுக்கு மார்க்கர் எடையைத்தான் எடுக்கோணும். இந்த ஒரு வாக்கியத்தை நீங்களாச் சொன்னா எதுத்தாப்ல இருக்கறவர் நிமிந்து உக்காருவார்.

பல்லடம்ரோடு
ஜிஎஸ்எம் பாக்கறதுக்கு: கம்பெனியில வட்டக் கட்டர் இருக்கும். அது வெட்டற வட்டம் சரியா 100 சதுர செ.மீ., எடையை நூறால பெருக்கினா ஜிஎஸ்எம். வீட்டுல கட்டர் இருக்காது. 10 × 10 செ.மீ. வெட்டிச் சின்னத் தராசுல போடாதீங்க. அந்தத் தராசு 0.1 கிராம் மாத்திக் காமிச்சாலே 10 ஜிஎஸ்எம் தப்பாயிரும். 20 × 20 வெட்டி எடையை 25 ஆல பெருக்குங்க. 6.4 கிராம் வந்தா 160. அப்ப 0.1 கிராம் தப்பு 2.5 ஜிஎஸ்எம்தான். தையல், பிரிண்ட், ஓரச் சுருட்டல் இல்லாத இடமாப் பாத்து வெட்டோணும்.

காதர்பேட்டையில நாலஞ்சு விதமான பீஸ் வாங்கி, ஒவ்வொண்ணையும் முதல்ல கையில தடவி ஜிஎஸ்எம் ஒரு காகிதத்துல எழுதிட்டு அப்புறம் வெட்டி எடை போடுங்க. நாலு நாள் இப்படிப் பண்ணுனா விரல் பழகிரும். நூல் நெம்பரும் கூடவே மனசுல ஏறோணும்: சிங்கிள் ஜெர்சியில (சாதாரண டீ-ஷர்ட் துணி) 30-ஆம் நெம்பர்னா சுமாரா 140-150 ஜிஎஸ்எம். நெம்பர் கூடக் கூட நூல் மெலிசாகும். 40 போட்டா ஜிஎஸ்எம் இறங்கும், 20 போட்டா ஏறும். ஒரு பவுண்ட் எடை நூல்ல 840 கஜச் சிட்டம் எத்தனை இருக்குதோ அதுதான் அந்த நெம்பர். 30-ஆம் நெம்பர்ல 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி வேணும்னு பையர் கேட்டா, சரிங்கன்னு எழுதிக்காம "நூல் நெம்பர் மாத்தோணும்"னு சொல்லத் தெரியோணும். அப்படிக் கேள்வியைத் திருப்பிப் போடற இடங்களும் உண்டு.

சேவூர்க்காரி
அளவும் ஜிஎஸ்எம்மும் புரிஞ்சுதுங்க அண்ணா. விலைக் கணக்கு?

நூல்மூட்டை
விலையெல்லாம் தினமும் மாறுது, அதனால இங்க போடற நெம்பர் பழகறதுக்கு மட்டும். முறையைப் பாருங்க.

கிலோவுக்கு நூல் 280, நிட்டிங் 15, டையிங் 90, காம்பாக்டிங் (பொறவு சுருங்காம இருக்கத் துணியை அழுத்தி விடறது) 15. மொத்தம் 400. நிட்டிங்ல இருந்து காம்பாக்டிங் வரைக்கும் எடையில 8% போகுதுன்னு வெச்சா, 8% கூட்டி 432.

பீஸுக்கு 0.194 கிலோ, ஆக 83.81. அதுக்கு மேல ரிப், கட்டிங்-தையல்-பேக்கிங், லேபிள்-பாலிபேக், பிரிண்ட், ரிஜெக்‌ஷன், கம்பெனிச் செலவும் லாபமும், கடைசியா டாலர்ல வகுக்கோணும்.

கட்டிங்டேபிள்
நூல்மூட்டை, அந்த 8% கூட்டற இடந்தான் தப்பு. 100 கிலோ நூல் போட்டா 92 கிலோ துணிதான் வருது. அப்ப 400-ஐ 0.92 ஆல வகுக்கோணும்: 434.78. ஒரு கிலோவுல 2.78 வித்தியாசம். 9,000 பீஸ் ஆர்டருக்கு வெட்டு உபரி 3% சேர்த்தா ஏறக்குறைய 1,800 கிலோ துணி. 2.78 × 1,800, அதாவது 5,000 ரூபாய் கம்பெனிக் கையில இருந்து போகுது. இதுவே 15% போற துணியா இருந்தா வித்தியாசம் இன்னும் பெருசாகும்.

நூல்மூட்டை
சரிதாங்க, வகுக்கறதுதான் முறை. திருத்தி முழுசாப் போடறேன்.

துணி 0.194 × 434.78 = 84.35
லைக்ரா ரிப் 10 கிராம், கிலோ 465னு வெச்சு 4.65
கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் 45
லேபிள், நூல், பாலிபேக், அட்டைப்பெட்டி 12
பிரிண்ட் 10
கூட்டுனா 156.

ரிஜெக்‌ஷன் 3%: 156 ÷ 0.97 = 160.82. இதுவும் வகுத்தல்தான். செலவும் லாபமும் 15% கூட்டுனா 184.95. டாலர் 85னு வெச்சா 2.176. நடுவுல பையிங் ஆபீஸுக்கு 5% கமிஷன் இருந்தா அது விக்கிற விலை மேல வரும், அதனால 2.176 ÷ 0.95 = 2.29 டாலர், எஃப்ஓபி தூத்துக்குடி. எஃப்ஓபின்னா கப்பல்ல ஏத்தற வரைக்கும் நம்ம செலவு. கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்துக் கேட்டா அது சிஐஎஃப். "எஃப்ஓபி"ன்னு மட்டும் எழுதக் கூடாது, எந்தத் துறைமுகம்னு பக்கத்துல எழுதோணும்.

லேப்டிப்
தங்கச்சி, காஸ்டிங்கை எல்லாரும் படிச்சுட்டு வருவாங்க. டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டரை (எந்த வேலை எந்த நாளுக்குள்ள முடியோணும்ங்கற திட்டம்) ஒழுங்காச் சொல்றவங்க கம்மி. "9,000 பீஸ், ஒரே கலர், 75 நாள், திட்டம் போடுங்க"ன்னு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தா இப்படிப் போங்க.

பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) வந்த அன்னைக்கே நூல் புக்கிங், லேப் டிப்புக்கு (பையர் கேட்ட கலர்ல சாயம் போட்டுக் காமிக்கிற சின்னத் துண்டு) கலர் அனுப்பறது. லேப் டிப் போயி, பையர் பாத்து, அப்ரூவல் வர 12 நாள் வெச்சுக்கோங்க. அந்த 12 நாளுக்குள்ளயே நிட்டிங்கை முடிக்கலாம், ஏன்னா நிட்டிங்குக்குக் கலர் தேவையில்லை. இங்கதான் பலரும் ஒண்ணு முடிஞ்ச பிறகு ஒண்ணுன்னு வரிசையா எழுதி ஒரு வாரத்தைத் தொலைக்கறாங்க. ஆனா நூல்லயே சாயம் போடற கோடு துணியா இருந்தா கதை மாறிரும், அப்ப சாயம் முதல்ல, நிட்டிங் பொறவு.

டையிங், காம்பாக்டிங் 12 நாள் (24). டெஸ்ட் ரிப்போர்ட் 4 (28). பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன்னாடி பையருக்குக் காமிக்கிற மாதிரி பீஸ்) தைக்க 4, அப்ரூவலுக்கு 7 (39). கட்டிங் 4 (43). பிரிண்டிங் 5 (48). தையல் 12 (60). செக்கிங், அயர்னிங், பேக்கிங் 5 (65). ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் 2 (67). தூத்துக்குடி லாரியும் போர்ட் கட்-ஆஃபும் 3 (70). கையில 5 நாள் மிச்சம்.

அடைப்புக்குள்ள இருக்கற நாளை ஓரத்துல எழுதிக்கிட்டே போங்க, கேக்கறவருக்கும் பாக்க வசதி.

கட்டாயம் ஒரு கேள்வி வரும்: "பிபி சாம்பிள் அப்ரூவல் வர்றதுக்கு முன்னாடி கட்டிங் போடலாமா?" கூடாதுன்னு சொல்லுங்க, ஏன்னும் சொல்லுங்க. பிபி சாம்பிள் ஆர்டருக்கு வந்த அதே துணியில, அதே லேபிள் போட்டுத் தைக்கறது. அதுல பையர் அளவையோ தையலையோ மாத்துனா தையலைப் பிரிக்கலாம், வெட்டுன துணியை ஒட்ட முடியாது. லேப் டிப்பை எந்த வெளிச்சத்துல பாக்கோணும்னு பிஓவுல இருக்கும். டி65 பகல் வெளிச்சம், டிஎல்84 கடை வெளிச்சம். ஒண்ணுல பொருந்தி இன்னொண்ணுல மாறுனா அதுக்குப் பேரு மெட்டாமெரிசம்.

பல்லடம்ரோடு
தையலுக்கு 12 நாள் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. ஒரு லைன்ல 30 டெய்லர், 480 நிமிஷம், 50% எஃபிஷியன்சி, பீஸுக்கு 8 நிமிஷம் எஸ்ஏஎம் (ஒரு பீஸ் தைக்க நிர்ணயிச்ச நேரம்). 30 × 480 × 0.5 ÷ 8 = ஒரு நாளைக்கு 900. 9,000-க்குப் பத்து நாள். முதல் ரெண்டு மூணு நாள் லைன் செட் ஆகாது, பாதிதான் வரும். அதுக்குத்தான் கூட ரெண்டு நாள்.

சேவூர்க்காரி
லேப்டிப் அக்கா, ரொம்ப நன்றிங்க. ஏக்யூஎல் 2.5ன்னா நூத்துக்கு ரெண்டரை டேமேஜ் வரைக்கும் பையர் ஏத்துக்குவாங்கன்னு நோட்ஸ்ல இருக்குது. அது போதுமாங்க?

லேப்டிப்
அந்த வாக்கியத்தை அங்க சொல்லாதீங்க. ஏக்யூஎல்ங்கறது சாம்பிள் எடுத்துப் பாக்கற முறை, ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணை. லாட் 3,201-ல இருந்து 10,000-க்குள்ள இருந்தா, ஜெனரல் லெவல் 2-ல கோடு 'எல்', 200 பீஸ் எடுக்கோணும். மேஜருக்கு 2.5ன்னா 10 டிஃபெக்ட் வரைக்கும் பாஸ், 11 வந்தா ஃபெயில். மைனருக்கு 4.0ன்னா 14 பாஸ், 15 ஃபெயில். லாட் 1,201-ல இருந்து 3,200 வரைன்னா 125 பீஸ், 2.5-க்கு 7 பாஸ், 8 ஃபெயில். இந்த ரெண்டு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க, மத்ததுக்கு "அட்டவணையைப் பாத்துச் சொல்றேன்"னு சொல்லலாம், யாரும் குத்தமா எடுக்க மாட்டாங்க.

மேஜர், மைனர் வித்தியாசத்தை உதாரணத்தோட வெச்சுக்கோங்க. ஓட்டை, தையல் விட்டுப் போறது, கண்ணுல படற எண்ணெய்க் கறை மேஜர். உள்பக்கம் வெட்டாத பிசிர் மைனர். ஒடைஞ்ச ஊசித் துண்டு உள்ள இருந்தா அது கிரிட்டிக்கல், ஒண்ணு இருந்தாலும் லாட் நிக்கும்.

கட்டிங்டேபிள்
துணி இன்ஸ்பெக்‌ஷனுக்கு 4-பாயின்ட் முறை. டிஃபெக்ட் 3 அங்குலம் வரை 1 பாயின்ட், 6 வரை 2, 9 வரை 3, அதுக்கு மேல 4. ஒரு கஜத்துக்கு எத்தனை டிஃபெக்ட் இருந்தாலும் 4-க்கு மேல போடக் கூடாது.

ஷ்ரிங்கேஜ்: துணியில 50 × 50 செ.மீ. குறி போட்டுத் துவைச்சு, காய வெச்சு, அளந்து பாக்கறது. 50 வந்து 47.5 ஆனா 5%. நீளவாக்குல தனி, அகலவாக்குல தனியாச் சொல்லோணும், ரெண்டையும் கூட்டிச் சொல்றது தப்பு.

துவைச்ச பிறகு பக்கத் தையல் வயித்துப் பக்கம் திரும்பி வருதே, அது ஸ்பைராலிட்டி. சிங்கிள் ஜெர்சியிலதான் அதிகம். நூல் முறுக்குத் தன்னைத் தானே அவிழ்க்கப் பாக்குது, அது ஒரு காரணம். மெஷின்ல ஃபீடர் (ஊசிக்கு நூல் கொடுக்கற பாகம்) அதிகம் இருந்தா வரிசை சாய்வா ஏறுது, அது இன்னொரு காரணம். "தையல் தப்பு"ன்னு டெய்லர் மேல பழி போட்டுப் பதில் சொல்லாதீங்க.

துணி அடையாளம் கேட்டு நாலு துண்டு கொடுப்பாங்க. ஓரம் சுருண்டா சிங்கிள் ஜெர்சி: ரெண்டு பக்க ஓரம் பின்பக்கமாச் சுருளும், மேல் கீழ் ஓரம் முன்பக்கமாச் சுருளும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பா, சுருளாம இருந்தா இன்டர்லாக். அகலவாக்குல இழுத்தா நல்லா விரிஞ்சு திரும்ப வந்தா ரிப்.

நூல்மூட்டை
பேக்கிங் கணக்கு ஒண்ணு. 9,000 பீஸ், எஸ்-எம்-எல்-எக்ஸ்எல் 1:2:2:1. ஆறு பங்கு, பங்குக்கு 1,500. ஆக 1,500, 3,000, 3,000, 1,500. பெட்டிக்கு 24 பீஸ் ரேஷியோ பேக்கிங்னா 4, 8, 8, 4. மொத்தம் 375 பெட்டி. பெட்டி 60 × 40 × 30 செ.மீ.ன்னா 0.072 கன மீட்டர், 375 பெட்டிக்கு 27 சிபிஎம். "20 அடிக் கன்டெய்னர்ல போகுமா?" அட்டவணையில அதுக்குச் சுமார் 33 சிபிஎம். நிஜத்துல பெட்டி அடுக்குனா 26-ல இருந்து 28 வரைக்குந்தான் ஏறும். அதனால "இடிச்சுக்கிட்டுப் போகும், பெட்டி உயரத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமான்னு பாக்கலாம்"ங்கறது நல்ல பதில். போகும், போகாதுன்னு ஒத்தை வார்த்தையில முடிக்காதீங்க.

பருத்தி நிட் டீ-ஷர்ட்டுக்கு எச்எஸ் கோடு (ஏற்றுமதி இறக்குமதியில பொருளை அடையாளம் காட்டற நெம்பர்) 6109.10. பின்னல் ஆடை முழுக்க அத்தியாயம் 61, நெசவுத் துணி ஆடை 62.

பெருந்துறைவாசி
கம்பெனி இணையதளத்துல எந்தச் சர்டிஃபிகேட் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டுப் போங்க. காட்ஸும் ஓக்கோ-டெக்ஸும் ஒண்ணுன்னு நிறையப் பேரு சொல்றாங்க, அது தப்பு. காட்ஸ் ஆர்கானிக் நாரைப் பத்தினது: 95% இருந்தா 'ஆர்கானிக்' லேபிள், குறைஞ்சது 70% இருந்தா 'ஆர்கானிக் கலந்து செஞ்சது'. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 அந்தப் பொருள்ல உடம்புக்கு ஆகாத ரசாயனம் இருக்குதான்னு சோதிக்கறது, ஆர்கானிக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

டையிங் பத்தியும் கேப்பாங்க. 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, நொய்யல் கெட்டுப் போனதுதான் காரணம். அதுக்குப் பிறகு ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் இல்லாம இங்க சாயப்பட்டறை ஓட்ட முடியாது. சாயத் தண்ணியை ஆர்ஓ வழியா விட்டுத் திரும்ப எடுத்து, மிச்சத்தை எவாப்பரேட்டர்ல காய்ச்சி உப்பைப் பிரிக்கறாங்க. டையிங் ரேட்டுக்குள்ள அந்தக் கரண்டும் விறகும் இருக்குது. "உங்க டையிங் ஏன் வேற ஊரை விட அதிகம்?"னு பையர் கேட்டா மெர்ச்சண்டைசர்தான் இதை விளக்கோணும். நம்ம ஆத்துத் தண்ணி சம்பந்தப்பட்டது, மனசார விளக்குங்க.

லேப்டிப்
மெயில் டெஸ்ட் வெச்சா, "டையிங் 4 நாள் தள்ளிருச்சு, பையருக்கு எழுதுங்க"ம்பாங்க. பொருள் வரியிலேயே பிஓ நெம்பர், ஸ்டைல் நெம்பர். முதல் வரியில விஷயம்: துணி எந்தத் தேதிக்கு வரோணும், எந்தத் தேதிக்கு வருது. ரெண்டாவது, காரணம் ஒரே வரியில. மூணாவது, நாம என்ன பண்றோம்: ரெண்டு லைன் போட்டு 4 நாள்ல 3-ஐ மீட்கறோம். கடைசியா, அவங்க கிட்ட என்ன முடிவு வேணும், எந்தத் தேதிக்குள்ள வேணும். மன்னிப்பு ஒரு வாக்கியம் போதும். மூணு வாக்கியம் மன்னிப்பும் தேதியே இல்லாத மெயிலும்தான் அதிகமா வருது.

எக்செல்ல வீ-லுக்கப், சம்-இஃப், பர்சன்டேஜ், ஃப்ரீஸ் பேன். இவ்வளவு தெரிஞ்சா போதும்.

பல்லடம்ரோடு
சம்பளம் பேசறப்ப ரெண்டு கேளுங்க. சொல்ற தொகை கையில வர்றதா, இல்லை பிஎஃப் பிடிக்கறதுக்கு முன்னாடியா. பிஎஃப்ல நம்ம பங்கு அடிப்படைச் சம்பளமும் டிஏவும் சேர்ந்ததுல 12%. அடுத்தது நேரம்: திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட் வழக்கம், ஷிப்மென்ட் நேரத்துல ஸ்டாஃபும் இருக்கோணுமா, ராத்திரி கம்பெனி வண்டி உண்டான்னு கேளுங்க. சேவூர் போகோணும்னா இது முக்கியமான கேள்வி, தயங்க வேண்டியதில்லை.

கையில எடுத்துட்டுப் போறது: இன்ச் டேப், சாதாரண கால்குலேட்டர் (சில இடத்துல போனை வெளியவே வாங்கிக்குவாங்க), நீங்க வெட்டி எடை போட்ட துணித் துண்டுகளை ஒட்டுன நோட்டு. ஒவ்வொரு துண்டுக்குக் கீழயும் துணி பேரு, நீங்க தடவிப் பாத்துச் சொன்ன ஜிஎஸ்எம், எடை போட்டு வந்த ஜிஎஸ்எம். தப்பாச் சொன்னதை அடிச்சு அழிக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்.

சேவூர்க்காரி
ஒரு போலோ டீ-ஷர்ட் எடுத்துப் போட்டுப் பாத்தேனுங்க. பிக்கே துணி, 220 ஜிஎஸ்எம். பாடி 68, ஸ்லீவ் 21, மடிப்பும் தையலும் 6, ஆக 95. செஸ்ட் 50, கூட 2, ஆக 52. 95 × 52 × 2 × 220 ÷ 10,000 = 217.36. 10% சேர்த்து 239 கிராம். சரிங்களா?

கட்டிங்டேபிள்
பெருக்கல் சரி, பீஸைப் பாத்தது பத்தலை. போலோவுல கை நுனியில ரிப் கஃப் இருக்குதா? இருந்தா அது இந்தத் துணி இல்லை, காலரும் கஃப்பும் ஃபிளாட் நிட்டிங்ல பீஸ் கணக்குல தனியா வருது. நீங்க அளந்த 21-ல கஃப் 2.5 சேர்ந்திருக்கும், அதைக் கழிக்கோணும். கை மடிப்புக்குப் போட்ட 2.5-ம் வேண்டியதில்லை. 95-ல 5 போனா 90. 90 × 52 × 2 × 220 ÷ 10,000 = 205.92, 10% சேர்த்து 226.5. பீஸுக்கு 12.6 கிராம் வித்தியாசம், 9,000 பீஸுக்கு 113 கிலோ. பிளாக்கெட் (முன்னால பட்டன் வர்ற பட்டி) துண்டு பெரும்பாலும் மார்க்கர் இடைவெளியிலேயே வந்துரும், அதுக்குத் தனியாப் போடாதீங்க. காலர், கஃப் விலையைப் பீஸ் கணக்குல காஸ்டிங் தாள்ல தனி வரியா எழுதுங்க.

சேவூர்க்காரி
ஆமாங்க, கஃப் இருக்குது. அதையும் சேர்த்துத்தான் அளந்துட்டேன். கஃப்பை விட்டுட்டு அளந்து, காலருக்குத் தனி வரி போட்டு, நாளைக்கு முழு காஸ்டிங்கையும் இங்கயே போடறேன்.

நொய்யல்கரை
போடுங்க அம்மணி. கஃப் ஸ்லீவோட சேர்ற தையலுக்கு அரை சென்டிமீட்டர் விட மறந்துராதீங்க.